பெயர் இருக்கிறது, பிள்ளை எங்கே?

2023 மார்ச் 13-ம் தேதி தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத் தேர்வு தொடங்கியது. முதல் நாள் மொழிப்பாடம். பெரும்பாலோருக்குத் தமிழ்தான். பரீட்சைக்குப் பெயர் பதிவாகியிருந்தவர்கள் சுமார் எட்டரை லட்சம் பேர். அன்று வராமல் போனவர்கள் 50 ஆயிரத்துக்கும் மேல்.

செய்தி வந்ததும் எல்லாரும் அதிர்ச்சி அடைந்தோம். "தமிழ்ப் பரீட்சைக்கே வரலையா?" என்று தமிழுக்காக ஒரு நாள் வருத்தப்பட்டோம். கணக்குப் பரீட்சைக்கு வராமல் இருந்திருந்தால் கூடப் புரிந்துகொண்டிருப்போம் போலிருக்கிறது! உண்மையில் தமிழுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கொரோனா வருஷமான 2021-ல் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமலே பாஸ் ஆன செட் அது. அவர்களில் பலர் அதற்குப் பிறகு வகுப்புக்கே ஒழுங்காக வரவில்லை. பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. பெயருக்கு ஒரு பரீட்சை எண் கிடைத்தது. பரீட்சை ஹாலில் அந்த எண் ஒட்டிய மேஜை காலியாக இருந்தபோதுதான் நமக்கு விஷயம் தெரிந்தது.

அன்றைக்கு டீக்கடையிலிருந்து டி.வி. விவாதம் வரை இரண்டு விதமான பேச்சைக் கேட்க முடிந்தது. முதல் பேச்சு: "எல்லாம் இலவசமாக் கொடுத்தா இப்படித்தான். காசு கட்டிப் படிச்சாத்தான் அருமை தெரியும்." இரண்டாவது பேச்சு கொஞ்சம் மரியாதையானது: "ஃபீஸ் கிடையாது, புத்தகம் இலவசம், பஸ் பாஸ் இலவசம். இதுக்கு மேல அரசாங்கம் என்னதான் பண்ணும்?"

இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் விலை என்றால் ஃபீஸ், அதை எடுத்துவிட்டால் படிப்பு இலவசம் என்ற நம்பிக்கை. அது தப்பு என்பதுதான் இந்த வாரம் நான் உங்களிடம் சொல்ல வந்தது. எட்டாம் வகுப்பு வரை அது ஓரளவுக்குச் சரியாகக் கூட இருக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்தவுடன் அந்தக் கணக்கு உதைக்கிறது.

எப்படி என்று பார்ப்போம்.

பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் ஒருவன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மெக்கானிக் ஷெட்டிலோ மளிகைக் கடையிலோ நாளைக்கு 300 ரூபாய்க்கு ஆள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் என்றால் 7,500 ரூபாய். பள்ளிக்கூடம் நடக்கும் பத்து மாதத்துக்கு 75 ஆயிரம். ஃபீஸ் பூஜ்யமாகவே இருக்கட்டும். அந்த வீட்டைப் பொறுத்தவரை அவன் பள்ளிக்குப் போவதற்கு வருஷத்துக்கு ஆகும் செலவு 75 ஆயிரம். இரண்டாம் வகுப்பில் அவனுடைய வேலைக்குச் சந்தையில் விலை கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் உண்டு. பிள்ளை வளர வளரப் பள்ளிக்கூடத்தின் விலையும் வளர்கிறது.

பெண் பிள்ளை என்றால் கணக்கு வேறு மாதிரி. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எட்டாம் வகுப்பு வரை பள்ளி ஊருக்குள்ளேயே இருந்தது. உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் பஸ் போயிருக்கும். கையில் பாஸ் இருக்கிறது, ரோட்டில் பஸ் இல்லை. பெற்றவர்களுக்கு பயம். அதற்கு நடுவில் மாப்பிள்ளை வீட்டு விசாரிப்பு வேறு ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம் ஒரு வீடு சமாளிக்க வேண்டிய வயதில், நம் சட்டம் என்ன செய்கிறது தெரியுமா? கையை உதறிவிட்டுப் போய்விடுகிறது.

2002-ல் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கினோம். எந்த வயதுக்கு? 6 முதல் 14 வரை. அதை வைத்து 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினோம். 14 வயது வரை வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில்தான் தடை. ஆக, படிக்கும் உரிமை தீரும் அதே பிறந்த நாளில் வேலைக்குப் போகும் அனுமதி பிறக்கிறது. எந்த வில்லனும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. இரண்டு சட்டங்களைத் தனித்தனியாக எழுதினார்கள், இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டன. ஆனால் மில் ஏஜென்ட்டுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

விளைவை மத்திய அரசின் புள்ளிவிவரத்திலேயே பார்க்கலாம். 2021-22-ல் இந்திய அளவில் இடைநிற்றல், ஆரம்பப் பள்ளியில் நூற்றுக்கு 1.5. ஆறு முதல் எட்டு வரை 3. ஒன்பது, பத்தில் 12.6. பிறகு கணக்கெடுக்கும் முறை மாறியது. 2024-25-ல் இந்த மூன்றும் 2.3, 3.5, 8.2. முறை மாறினாலும் படம் மாறவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் எண் இரண்டு மடங்குக்கு மேல் எகிறுகிறது.

சரி, உதவித் திட்டங்களாவது அந்த இடத்தில் கை கொடுக்கின்றனவா? வரிசையாகப் பாருங்கள்.

மத்திய அரசு பணம் தரும் மதிய உணவு எட்டாம் வகுப்பு வரை. தமிழ்நாடு இதில் முன்னோடி. 1956-ல் காமராஜர் தொடங்கியதை 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாகப் பெரிதாக்கினார், 1984-ல் அது பத்தாம் வகுப்பு வரை நீண்டது. அதையும் பாராட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டும்: பதினொன்றாம் வகுப்புப் பையனுக்குப் பசிக்காதா? வளர்கிற வயதில்தானே அதிகம் பசிக்கும்? 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அருமையான திட்டம். அது ஆரம்பப் பள்ளிக்கு. இலவசச் சீருடை எட்டாம் வகுப்பு வரை. இலவச சைக்கிள் 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, சில வருஷத்தில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆனது. ஆனால் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பில். தூரம் தாங்காமல் ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன பெண்ணுக்கு அந்த சைக்கிள் எப்படிப் போய்ச் சேரும்? 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும், 2024-ல் பையன்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாயும் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு. ஆற்றைத் தாண்டி அக்கரைக்கு வந்தவர்களுக்குப் பரிசு. நல்லதுதான். நடு ஆற்றில் தத்தளிக்கிறவர்களுக்கு?

இன்னொன்று சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு ஏழைப் பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது என்பதற்கென்றே மத்திய அரசு ஒரு உதவித்தொகை வைத்திருக்கிறது. வருஷத்துக்கு 12 ஆயிரம் ரூபாய், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. நோக்கம் பிரமாதம். யாருக்குக் கொடுக்கிறார்கள்? எட்டாம் வகுப்பில் ஒரு போட்டித் தேர்வு வைத்து, அதில் முந்தி வருகிறவர்களுக்கு. நாடு முழுக்க வருஷத்துக்குப் புதிதாக ஒரு லட்சம் பேர். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளையை ஆசிரியரும் விட மாட்டார், வீட்டிலும் முடிந்தவரை விட மாட்டார்கள். முதலில் நழுவுவது சுமாராகப் படிக்கிற பிள்ளை. மூழ்குகிறவர்களைக் காப்பாற்றப் படகு வாங்கி, நன்றாக நீந்துகிறவர்களை மட்டும் அதில் ஏற்றுகிற மாதிரி இருக்கிறது இது.

கட்டணச் சலுகை என்றதும் உங்களுக்குச் சட்டென்று ஞாபகம் வருவது தனியார் பள்ளிகளில் 25 சதவிகித ஒதுக்கீடாக இருக்கும். ஏழைப் பிள்ளைக்கு இடம், ஃபீஸை அரசு கட்டும். 2013-ல் அப்படி எல்.கே.ஜி.யில் சேர்ந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கேயும் தேங்காமல் படித்திருந்தால் 2023-ல் அது ஒன்பதாம் வகுப்பு. பத்து வருஷம் ஒரே பள்ளி, ஒரே நண்பர்கள். திடீரென்று முழு ஃபீஸ் கட்டு என்று சீட்டு வருகிறது. ஆட்டோ ஓட்டுகிற அப்பா என்ன செய்வார்? கடன் வாங்குவார், அல்லது பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார். பொதுத் தேர்வுக்கு ஒரு வருஷம் முன்னால் பள்ளியை மாற்றுவது என்ன பாடு என்று உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். சட்டம் எட்டோடு முடிகிறது, அதனால் சலுகையும் எட்டோடு முடிகிறது. அவ்வளவுதான் விளக்கம்.

இப்போது எதிர்முகாம் என்ன செய்தது என்று பாருங்கள். 1990-களின் கடைசியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் நடந்த 'சுமங்கலித் திட்டம்' ஞாபகம் இருக்கிறதா? வளர் இளம்பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வது. முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. நீண்ட ஷிஃப்ட், வெளியே விடாத ஹாஸ்டல், நடுவில் நின்றால் கையில் எதுவும் இல்லை என்று அதைப் பற்றி எத்தனையோ புகார்கள், கட்டுரைகள், வழக்குகள். எல்லாம் நியாயம். ஆனால் அந்த ஏஜென்ட்டுகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது. வீடு தேடிப் போனார்கள். கூட்டிப்போக வண்டி வைத்தார்கள். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. 'பொண்ணு பத்திரமா இருப்பா' என்ற வாக்குறுதி. கடைசியில் கல்யாணத்துக்குக் காசு. ஒரு ஏழைத் தகப்பனின் ஐந்து கவலைகளுக்கும் ஐந்து பதில். நம் பள்ளிக்கூடம் ஒரே ஒரு கவலைக்குத்தான் பதில் வைத்திருந்தது: ஃபீஸ் வேண்டாம்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். நாம் எப்போதும் கிண்டல் அடிக்கும் பீகாரில் இருந்தே ஆரம்பிக்கலாம். 2006-ல் நிதிஷ்குமார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தது. கவனியுங்கள், ஒன்பதாம் வகுப்பில். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடும், பையன்களோடும் ஒப்பிட்டு இதை ஆராய்ந்தார்கள். அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவிகிதம் கூடியது. ஆண், பெண் இடைவெளி 40 சதவிகிதம் குறைந்தது. முக்கியமான விஷயம், இந்த உயர்வு பெரும்பாலும் பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் நடந்தது. அதாவது, பிள்ளைகள் சைக்கிளுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. தூரமும் பயமும் வழி மறித்துக்கொண்டிருந்தன. கூட்டமாக சைக்கிளில் போக முடிந்ததும் வழி திறந்தது.

மெக்சிகோ 1997-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர்கள் மாறி மாறி 2019 வரை ஓடியது. பிள்ளை தவறாமல் பள்ளிக்குப் போனால் அம்மா கையில் பணம். அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. எல்லா வகுப்புக்கும் ஒரே தொகை கிடையாது. மேலே போகப் போகக் கூடும். மூன்றாம் வகுப்புக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஒன்பதாம் வகுப்புக்கு. உயர்நிலையில் பெண்ணுக்குப் பையனை விட அதிகம். பிள்ளை வளர வளரப் பள்ளியின் விலை கூடுகிறது என்று சற்று முன் பார்த்தோமே, அதை ஒரு அரசாங்கம் புரிந்துகொண்டு எழுதிய கணக்கு இது. பலனும் அங்கேதான் தெரிந்தது. ஆரம்பப் பள்ளியில் பெரிய மாற்றம் இல்லை, ஏற்கெனவே கிட்டத்தட்ட எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். உயர்நிலைக்குள் நுழையும் படியில்தான் கூட்டம் கூடியது.

ஏழை நாடான வங்கதேசம் 1994-ல் கிராமப்புற உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு நாடு முழுவதும் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. மூன்று நிபந்தனைகள்: 75 சதவிகித வருகை, 45 சதவிகித மதிப்பெண், பள்ளி முடியும் வரை கல்யாணம் கூடாது. உயர்நிலைப் பள்ளிகளில் பையன்களைப் பெண்கள் முந்தினார்கள். அங்கே குழந்தைத் திருமணம் இதனால் ஒழிந்துவிடவில்லை, அது வேறு சோகம். ஆனால், 'இப்ப முடியாது, படிக்கிறா' என்று சொல்ல ஒரு அம்மாவுக்கு அரசாங்கம் ஒரு காரணத்தைக் கொடுத்தது.

பணம்தான் என்றும் இல்லை. 2003-ல் இந்தியப் பள்ளிகளில் பெரிய அளவில் கழிப்பறை கட்டினார்களே, அதை அஞ்சினி அடுகியா என்பவர் ஆராய்ந்தார். சின்னக் குழந்தைகளுக்கு எந்தக் கழிப்பறை கட்டினாலும் பலன் இருந்தது. பருவ வயதுப் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டிய இடத்தில்தான் பலன். ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் ஒரு பெண்ணின் படிப்பைத் தீர்மானிக்கின்றன என்பதை எந்த ஃபீஸ் ரசீதிலும் பார்க்க முடியாது.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "எல்லாம் சரி, சும்மா வந்து உட்கார்ந்தா படிப்பு வந்துடுமா?" நியாயமான கேள்வி. பீகார் ஆய்விலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பெண்கள் 18 சதவிகிதம் கூடினார்கள். பாஸ் ஆனவர்கள் 12 சதவிகிதம்தான் கூடினார்கள். சைக்கிள் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். ஆறாம் வகுப்புப் பாடத்தையே தட்டுத் தடுமாறிப் படிக்கிற பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைத்தால், அவனுக்குத் தினமும் எட்டு பீரியடும் அவமானம்தான். "படிப்பு ஏறல சார்" என்று சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்களில் பலர் உண்மையில் ஓடுவது அந்த அவமானத்திலிருந்து. பாடத்தில் பின்தங்கியவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர ஒரு ஆசிரியர் இல்லாமல் எந்த உதவித்தொகையும் அவர்களைப் பிடித்து வைக்காது. 2023-ல் பரீட்சைக்கு வராதவர்களில் பலர் இப்படிப்பட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆல் பாஸ் போட்டோம். பாடம் போட்டோமா?

'இலவசம் கெடுத்துவிடும்' என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலவசங்கள் பற்றி 2022-ல் உச்ச நீதிமன்றம் வரை விவாதம் போனது. டி.வி.யையும் மிக்ஸியையும் பள்ளிக்கூடத்துச் சோற்றையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கினார்கள். உங்கள் பிள்ளைக்கு ஸ்கூல் வேன், டியூஷன், டிபன் பாக்ஸ், மழை பெய்தால் காரில் கொண்டுவிட அப்பா, ஒரு நாள் போகாவிட்டால் ஏன் என்று கேட்க அம்மா, எல்லாம் இருக்கிறது. அதை நீங்கள் இலவசம் என்று சொல்வதில்லை. பொறுப்பு என்று சொல்கிறீர்கள். அதே பொறுப்பை, முடியாத வீட்டுக்காக அரசாங்கம் ஏற்றால் மட்டும் அதற்குப் பெயர் ஏன் மாறுகிறது?

என்ன செய்யலாம்? மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, கல்வி உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டுவது. புதிய கல்விக் கொள்கைக்கான 2019 வரைவே இதைச் சிபாரிசு செய்தது. 2020-ல் வந்த கொள்கையில் எல்லாரையும் பள்ளியில் சேர்ப்பது இலக்காக இருக்கிறதே ஒழிய, சட்டத்தை நீட்டும் உறுதி இல்லை. நம் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளில் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு, உதவிகளின் தேதியை மாற்றுவது. சைக்கிளை ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்தில் கொடுப்பது. அமைச்சருக்குத் தேதி கிடைத்து விழா நடக்கும் வரை அது மைதானத்தில் வெயில் காய வேண்டாம். சத்துணவைப் பன்னிரண்டு வரை போடுவது. மாத உதவித்தொகையை, பரீட்சை வைத்துப் பொறுக்காமல், வசதி இல்லாத எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்பதிலிருந்தே ஆரம்பிப்பது.

மூன்று, தேடிப் போக ஒரு ஆள். ஒரு பிள்ளை பத்து நாள் வராவிட்டால் பதினோராவது நாள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியது யார்? பாடம் நடத்தி, பதிவேடு எழுதி, தேர்தல் வேலையும் பார்க்கிற ஆசிரியரால் அது முடியாது. அதற்கென்று சம்பளத்துக்கு ஒருவர் வேண்டும். மில் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்க ஆள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் ஏஜென்ட்டுக்குச் சம்பளம் கொடுக்க நம்மிடம் காசு இல்லையா?

இது அரசாங்கம் செய்ய வேண்டியது. உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது, பெரிய வேலை இல்லை. உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவிடமோ, அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடமோ, துணி தேய்த்துக் கொடுக்கிறவரிடமோ, பிள்ளை எத்தனாவது படிக்கிறது என்று இந்த வாரம் கேளுங்கள். எட்டு அல்லது ஒன்பது என்று பதில் வந்தால் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். போன மாதம் எத்தனை நாள் பள்ளிக்குப் போனது, பள்ளி எவ்வளவு தூரம், எதில் போகிறது என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.